ஃபாதரிடம் யார் சொல்வது?

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் முடியும் தறுவாய். மேடையில் தாளாளர் ஃபாதர், தலைமை ஆசிரியை சிஸ்டர், கழகத் தலைவர். “யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா தாராளமா சொல்லலாம்” என்று மைக்கில் அழைப்பு வருகிறது. ஒருவர் எழுந்து, “டிசிப்ளின் ரொம்ப நல்லாருக்கு ஃபாதர்” என்று சொல்லி உட்கார்கிறார். கைதட்டல், டீ, பிஸ்கட், கூட்டம் முடிந்தது.

கால் மணி நேரம் கழித்து அதே பெற்றோர் கேட்டுக்கு வெளியே வண்டிகளில் சாய்ந்து நின்று பேசுவதைக் கேட்டால், இவர்கள் வேறு ஏதோ பள்ளியைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று தோன்றும். கட்டட நிதி என்று வாங்கிய பணத்துக்கு ரசீது வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒருவர் கை நீட்டுகிறார். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுவதற்காக, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எல்லாம் பேசி முடித்தபின் யாராவது ஒருவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொல்வார்: “நமக்கு எதுக்கு, புள்ள அங்கதான படிக்கணும்.”

இந்தப் பயம் எல்லாத் தனியார் பள்ளிகளிலும் உண்டு. கத்தோலிக்கப் பள்ளியில் அதில் இன்னொரு முடிச்சும் விழுகிறது. பங்கைச் சேர்ந்த குடும்பத்துக்கு, பல ஊர்களில் பள்ளித் தாளாளரே பங்குத்தந்தை. பிள்ளைக்குப் புதுநன்மை கொடுப்பவர், மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பவர், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கல்லறைவரை வருபவர் எல்லாம் அவர்தான். அவரிடம் போய், உங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் வகுப்புக்கே ஒழுங்காக வருவதில்லை என்று எப்படிச் சொல்வது? கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்தின் தயக்கம் வேறு மாதிரி. சீட்டு கிடைத்ததே பெரிய காரியம். அதுவும் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கிடைத்தது. நாம் வாயைத் திறந்தால் அவருக்கல்லவா சங்கடம்?

ஆனால் ஒரு விஷயத்தைப் பெற்றோர் கவனிப்பதில்லை. தனி முதலாளி நடத்தும் மெட்ரிக் பள்ளியில் முதலாளிக்கு மேல் நிர்வாகத்தில் ஆள் கிடையாது. கத்தோலிக்கப் பள்ளியில் தாளாளருக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் ஒருவர் என்று ஏணி நீண்டுகொண்டே போகிறது. பக்கத்திலேயே அரசின் ஏணி ஒன்றும் நிற்கிறது. இத்தனை இருந்தும் புகார்கள் கரைந்துபோவதற்கு இரண்டு காரணங்களைத்தான் நான் பார்க்கிறேன்: தவறான ஆளிடம் சொல்கிறோம், அதையும் வாயால் சொல்கிறோம்.

முதலில், பள்ளி யாருடையது?

கிறிஸ்தவப் பள்ளி எல்லாம் கத்தோலிக்கப் பள்ளி இல்லை. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் பள்ளி இயேசு சபையினருடையது. சாரா டக்கர் பள்ளி சி.எஸ்.ஐ. திருச்சபையுடையது. கத்தோலிக்க (ஆர்.சி.) ஆயருக்கு இரண்டாவதில் எந்த வேலையும் இல்லை. அதேபோல ‘செயின்ட்’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். நம் ஊர்களில் புனிதர் பெயரில் பள்ளி நடத்துபவர்களில் ஞானஸ்நானமே பெறாதவர்களும் உண்டு. ஆங்கிலப் பள்ளி என்றால் அப்படி ஒரு பெயர் இருந்தால்தான் சேர்க்கை வரும் என்ற கணக்கு. தகுதியுள்ள திருஅவை அதிகாரியின் இசைவில்லாமல் எந்தப் பள்ளியும் தன்னைக் கத்தோலிக்கப் பள்ளி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1983-இல் வெளிவந்த திருஅவைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பெயர்ப்பலகை எழுதுபவர்கள் அதைப் படிப்பதில்லை.

உண்மையான கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இரண்டு வகை. ஒன்று, மறைமாவட்டப் பள்ளி. ஊர்ப்பக்கம் ‘ஆர்.சி. தொடக்கப் பள்ளி’, ‘ஆர்.சி. நடுநிலைப் பள்ளி’ என்று பலகை தொங்கும் பெரும்பாலான பள்ளிகள் இந்த வகை. பங்குத்தந்தையோ ஆயர் நியமித்த வேறொரு குருவோ தாளாளர். அவருக்கு மேல் மறைமாவட்டத்தின் ஆர்.சி. பள்ளிகளுக்கென்று ஒரு மேலாளர் அல்லது கண்காணிப்பாளர் இருப்பார். பதவியின் பெயர் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும். அவருக்கு மேல் முதன்மைக் குரு, ஆயர்.

மற்றொன்று, துறவற சபைகள் நடத்தும் பள்ளி. சென்னை எழும்பூர் டான் போஸ்கோ சலேசிய சபையினருடையது. சர்ச் பார்க் பிரசன்டேஷன் சகோதரிகளுடையது. கான்வென்டில் தாளாளராகவும் தலைமை ஆசிரியையாகவும் இருக்கும் சிஸ்டர்களுக்கு இல்லத் தலைவி ஒருவர் உண்டு. அவருக்கு மேல், ஊழியர்கள் ‘புரொவின்ஷியல்’ என்று மரியாதையோடும் லேசான நடுக்கத்தோடும் குறிப்பிடும் மாநிலத் தலைவி. யாரை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் கையில். கான்வென்ட் பற்றிய புகாரோடு ஆயர் இல்லத்துக்கு ஓடும் பெற்றோருக்கு, “அது சிஸ்டர்கள் நடத்துற ஸ்கூல், நாங்க நேரா தலையிட முடியாது” என்று பதில் வரும். பாதி உண்மை. துறவியர் நடத்தும் பள்ளிகளையும் கண்காணிக்கவும் போய்ப் பார்வையிடவும் ஆயருக்கு உரிமை உண்டு என்று அதே சட்டத் தொகுப்பின் 806-ஆம் எண் கூறுகிறது. அன்றாட உள் நிர்வாகம் மட்டும் சபையின் பொறுப்பு. ஆகவே மாநிலத் தலைவிக்குக் கடிதம், ஆயருக்கு நகல். இந்த வரிசை பிசகினால் கடிதம் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் கிடக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. பள்ளி நாட்குறிப்பின் முதல் பக்கத்தைப் புரட்டினால் போதும்; எந்தச் சபை, எந்த மறைமாவட்டம் என்று பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். தெரியாவிட்டால் அலுவலகத்தில் இருக்கும் கிளார்க்கைக் கேளுங்கள். பள்ளி யாருடையது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

வாயால் சொன்னது மே மாதத்தோடு போச்சு

குருக்களுக்கும் சிஸ்டர்களுக்கும் மாறுதல் உண்டு. பெரும்பாலும் கோடை விடுமுறையில் வரும். ஜனவரியில் நீங்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிய ஃபாதர், “பாக்கிறேன்மா, அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்” என்று சொன்ன நல்ல மனிதர், ஜூனில் வேறு பங்கில் திருப்பலி வைத்துக்கொண்டிருப்பார். புதிதாக வந்தவருக்கு உங்களையும் தெரியாது, பிரச்சினையும் தெரியாது. மறுபடி முதலிலிருந்து. இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அது கோப்பில் இருக்கும், வருபவர் கண்ணில் படும். கத்தோலிக்க நிர்வாகம் கோப்புகளால் ஆனது. நூறு வருடத்துக்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டையே எடுத்துக் காட்டுகிறவர்கள், பெற்றோர் கொடுத்த கடிதத்தை எளிதில் கிழித்துப் போட மாட்டார்கள்.

முதல் பேச்சு வகுப்பாசிரியரோடு இருக்கட்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தீர வேண்டியதும் அங்கேதான். தீராதபோது தலைமை ஆசிரியருக்குக் கடிதம். அதில் கோபம் வேண்டாம், வரலாறும் வேண்டாம். பிள்ளையின் வகுப்பு, பிரிவு, நடந்த தேதி, நடந்தது, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலான கடிதங்களில் காணோம். ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன்’ என்று முடித்தால், எது தக்க நடவடிக்கை என்பதை எதிராளிதான் முடிவு செய்வார். ‘ஜூலையில் செலுத்திய ஐயாயிரம் ரூபாய்க்கு ரசீது வேண்டும்’ என்று கேட்டால் ரசீது தர வேண்டும் அல்லது தர மாட்டேன் என்று சொல்ல வேண்டும். நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் சண்டை வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வாட்ஸ்ஆப் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்புக் குழுவில் கொட்டிய கோபம் ஸ்கிரீன்ஷாட்டாகி மாலைக்குள் சிஸ்டரின் போனுக்குப் போய்விடும். அதன்பிறகு பேச்செல்லாம் உங்கள் புகாரைப் பற்றி இருக்காது, உங்கள் வார்த்தையைப் பற்றி இருக்கும்.

எழுதிக் கேட்பது அவமரியாதை என்று நினைக்கும் பங்கு மக்களுக்கு: அதே சட்டத் தொகுப்பின் 796-ஆம் எண், ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையும் கூட்டங்களையும் ஏற்படுத்தி மதிப்போடு நடத்த வேண்டும் என்கிறது. 212-ஆம் எண் இன்னும் ஒரு படி மேலே போய், திருஅவையின் நன்மை சார்ந்த விஷயங்களில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில சமயம் கடமை என்கிறது. மரியாதையோடு தெரிவிக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கடிதத்தில் இந்த எண்களைக் குறிப்பிட்டுப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸுக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கும்.

“நாங்க மைனாரிட்டி ஸ்கூல்”

பெற்றோரின் வாயை அடைக்க அடிக்கடி எடுக்கப்படும் வாக்கியம் இது. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை விலைமதிப்பற்றது; அது இல்லாவிட்டால் இந்தப் பள்ளிகளில் பல இன்று இருந்திருக்காது. ஆனால் நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே கேரளக் கல்வி மசோதா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எதில் விலக்கு உண்டு, எதில் இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. 2014-இல் பிரமதி வழக்கின் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஐயம் எழுப்பி, விஷயத்தைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது முடிவாகும்வரை, 25 சதவீதத்தில் இடம் கேட்டு ஒரு கான்வென்டோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கட்டணம் அப்படியில்லை. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண முறைப்படுத்தும் சட்டத்தின்படி, சுயநிதிப் பள்ளிகள் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயித்த தொகைக்கு மேலும், அரசு உதவி பெறும் பள்ளிகள் அரசு நிர்ணயித்த தொகைக்கு மேலும் வாங்கக் கூடாது. சிறுபான்மைப் பள்ளி என்பதால் விலக்கு கிடையாது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. ‘நன்கொடை’, ‘கட்டட நிதி’, ‘ஜூபிலி நிதி’ என்று பெயர் மாற்றினாலும், கட்டாயப்படுத்தி வாங்கினால் அது கட்டணம்தான் என்பது என் துணிபு. கோவில் திருவிழாவுக்குக் கொடுப்பதுபோல மனமுவந்து கொடுங்கள், யார் தடுத்தார்கள்? கொடுக்காத பிள்ளையை அசெம்பிளியில் நிற்க வைக்கும்போதுதான் அது வேறாகிவிடுகிறது. டி.சி.யும் அப்படியே. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருப்பதை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

பிரார்த்தனை, மறைக்கல்வி பற்றிய கேள்விகள் நுட்பமானவை. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியிலும், மாணவரை, சிறுவயதினர் என்றால் பெற்றோரின் சம்மதமில்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு இது. பெரும்பாலான பள்ளிகள் நெடுங்காலமாகவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துகின்றன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2024-இல் தன் பள்ளிகளுக்கு விடுத்த வழிகாட்டுதலில், பிற மத மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம், காலைக் கூட்டத்தில் அரசியல் சட்ட முகப்புரையை வாசிக்கச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் இந்த இரண்டையும் சுட்டி ஒரு கடிதம் எழுதினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிறிஸ்தவப் பள்ளி மீதான எந்தப் புகாரையும் தூக்கிக்கொண்டு ஓடக் காத்திருக்கும் அரசியல் ஒன்று வெளியே நிற்கிறது. கட்டண ரசீது கேட்ட பெற்றோரின் வீட்டுக்குக் கொடியோடு ஆள் வருகிறது. விஷயம் மதமாற்றமாக மாறுகிறது. உடனே நிர்வாகம், ‘நம்மைத் தாக்குகிறார்கள்’ என்று கதவை இழுத்துச் சாத்திக்கொள்கிறது. ரசீது கடைசிவரை வருவதில்லை. எனக்கு இரண்டு தரப்பின் மீதும் கோபம் உண்டு, ஆனால் நிர்வாகத்தின் மீது கொஞ்சம் கூடுதலாக. உள்ளே கேட்க ஆள் இருந்திருந்தால் அந்தப் பெற்றோர் வெளியே போயிருக்க மாட்டார்.

சாதி என்று வரும்போது

இங்கே சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுப்பில் சாதி சொல்லித் திட்டினார்கள், கழிவறையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்றால் இந்து தலித் பிள்ளையின் பெற்றோர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போகலாம். அதே பெஞ்சில், அதே தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு அந்தச் சட்டம் துணை வராது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களே பட்டியல் சாதியினர். மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வருகிறார். கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைக்குத்தான் சட்டப் பாதுகாப்பு குறைவு என்பது கசப்பான வேடிக்கை.

அந்தப் பிள்ளையின் பெற்றோர் கையில் எடுக்கக்கூடிய தாள் ஒன்று திருஅவையிடமே இருக்கிறது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருஅவைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. கடிதத்தை ஆயருக்கும், மறைமாவட்டத்தின் தலித் பணிக்குழுவுக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும். அன்பியம் என்ற பங்கின் சிறு குழுவிலும் பங்குப் பேரவையிலும் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தனிக் குடும்பமாக நின்றால், “அவங்களுக்குப் பங்கு வரி பாக்கி, அந்தக் கோபம்” என்று கதை கட்டிவிடுவார்கள்.

ஏணியே ஏறக் கூடாத இடம்

இதுவரை சொன்ன படிகள் எதுவும் ஒரு விஷயத்துக்குப் பொருந்தாது. பிள்ளையை யாராவது பாலியல் நோக்கோடு தொட்டால், பேசினால், படம் அனுப்பினால், தலைமை ஆசிரியரிடம் போய், பிறகு தாளாளர், பிறகு ஆயர் என்று வரிசையில் நிற்கக் கூடாது. நேராகப் போலீஸ், அல்லது 1098. 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறை. தாளாளர் குருவாக இருந்தாலும் இதேதான். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடையில் இல்லாத காவலர்தான் வாங்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது. ‘குடும்ப மானம்’, ‘பள்ளியின் பெயர்’, ‘திருஅவையின் பெயர்’ என்று மூன்று பேர் மூன்று காரணம் சொல்ல வருவார்கள். காது கொடுக்க வேண்டாம்.

திருஅவைக்குள் புகார் தெரிவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் குருவாகவோ துறவியாகவோ இருந்தால், போப் பிரான்சிஸ் 2019 மே மாதம் பிறப்பித்த ஆணைப்படி, புகாரை வாங்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் எல்லோரும் அணுகக்கூடிய ஏற்பாடு இருக்க வேண்டும். அது நாட்டின் சட்டத்துக்கு மாற்றாகாது என்பதையும் அந்த ஆணையே சொல்கிறது. போலீஸ் முதலில், ஆயர் இல்லம் அதன் பிறகு.

அடி, பிரம்பு விஷயத்தில் பெற்றோரே இரண்டுபட்டிருக்கிறார்கள். ‘நல்லா நாலு போடுங்க சிஸ்டர்’ என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் கல்வி விதிகளில் உடல் தண்டனை 2003-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவும் இருக்கிறது. உடம்பில் தழும்பு இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். கடிதம் பிறகு எழுதலாம்.

பதிலே வராவிட்டால்

மாநிலத் தலைவிக்கோ பள்ளிகள் மேலாளருக்கோ எழுதி ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் அரசின் பக்கம் போக வேண்டியதுதான். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் தொடக்கக் கல்வி அல்லது இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். சுயநிதிப் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். இவர்களுக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் சென்னை மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல். கல்வித் துறையின் 14417, முதல்வரின் உதவி மையமான 1100, கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் எல்லாம் உண்டு. மனுவில் பள்ளியின் பெயரோடு அதன் பதினொரு இலக்க யுடைஸ் எண்ணையும் எழுதுங்கள். ஒரே மாவட்டத்தில் எத்தனை ‘தூய வளனார்’, எத்தனை ‘புனித மரியன்னை’ இருக்கின்றன என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கேயும் மனு தூங்கினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று போதும்: இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, தொடர்புடைய கடிதங்களின் நகல் வேண்டும். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் எழுத வேண்டுமானால் அலுவலர் முதலில் கோப்பைத் தேட வேண்டும், அதில் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பள்ளிக்கு எழுதி விளக்கம் கேட்பார். கூட்டத்தில் புன்னகையோடு “பாக்கலாம்” என்று சொன்ன தாளாளர் அப்போது லெட்டர் பேடை எடுத்து, எண்ணும் தேதியும் போட்டு, கையெழுத்திட்டுப் பதில் எழுதுவார்.